தாமரைக் குளத்தின் காற்று

எங்கள் வாசகர் வட்டத்தில் ஆய்வுக்கூடங்களுக்குத் தூய அறைகள் அமைத்துத் தரும் நண்பர் ஒருவர் இருக்கிறார். 'கிளீன் ரூம்' என்றே தொழிலில் வழங்கும் அவ்வறைகளைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால், நாவல் விவாதத்துக்கென்று ஒதுக்கிய மாலையும் அதிலேயே கரைந்துவிடும். எங்களுக்கு அதில் வருத்தமில்லை. காற்றின் தூய்மையை எண்ணிச் சொல்ல ஒரு கணக்கு இருக்கிறது என்பதே எங்களுக்குப் புதுச் செய்தியாக இருந்தது.

அவர் கட்டுபவை செங்கல் அறைகள் அல்ல. இரு தகடுகளுக்கிடையே காப்புப்பொருள் அடைத்த பலகைகள் தொழிற்சாலையிலிருந்து லாரியில் வந்து இறங்கும். அலுமினியச் சட்டங்களில் அவற்றைப் பொருத்தி, தூசு தங்காதபடி மூலைகளை வளைவாக மூடி, விசிறியும் வடிகட்டியும் ஒன்றான பெட்டிகளைக் கூரையில் பதித்தால் அறை தயார். வேண்டாதபோது கழற்றி வேறிடத்தில் மாட்டிக்கொள்ளலாம். 'ஹெப்பா' எனும் அவ்வடிகட்டி, 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடித்துவிடும். அறைக்குள் அழுத்தத்தைச் சற்றே கூட்டி வைப்பதால், கதவைத் திறந்தால் காற்று வெளியே போகுமேயன்றி உள்ளே வராது.

தரவகைகள் ஐஎஸ்ஓ 14644 என்னும் நெறியில் வரையறுக்கப்பட்டுள்ளன. முதல் வகுப்பு மிகத் தூயது. ஒன்பதாம் வகுப்பு ஏறத்தாழ நாம் அன்றாடம் சுவாசிக்கும் அறைக்காற்று. ஐந்தாம் வகுப்பில், ஒரு கனமீட்டர் காற்றில் 0.5 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 3,520க்கு மிகக்கூடாது. ஏழாம் வகுப்பில் 3,52,000. ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்கு. இந்த எண்களைவிட எங்களை ஈர்த்தது வேறொன்று. ஒரே அறையை மூன்று நிலைகளில் அளக்கலாமாம்: கட்டி முடித்த நிலை, கருவிகள் வைத்த ஓய்வு நிலை, மனிதர்கள் வேலை செய்யும் இயங்கு நிலை. ஓய்வு நிலையில் ஐந்தாம் வகுப்பாக இருந்த அறை, ஆட்கள் நுழைந்ததும் ஏழுக்குச் சரியலாம். அறையின் பெரிய அழுக்கு மனிதனே என்பதை இவ்வளவு நாசூக்காகச் சொன்ன அரசாங்க மொழியை நாங்கள் வேறெங்கும் கண்டதில்லை.

இந்தப் பேச்சின் தொடர்ச்சியாகத்தான், புதுக்கோட்டை மாவட்டத்தில் நாங்கள் பலமுறை பார்த்த சித்தன்னவாசலுக்கு அவரை அழைத்துச் சென்றோம். அறிவர் கோயில் என்னும் அச்சமணக் குடைவரையின் அர்த்தமண்டப விதானத்தில் தாமரைக் குளம் தீட்டப்பட்டிருக்கிறது. மீன்களும் பறவைகளும் யானைகளும் எருமைகளும் நீரில் திளைக்க, மூவர் பூக்கொய்கின்றனர். ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில் இளங்கௌதமன் என்னும் ஆசிரியர் இக்கோயிலைப் புதுப்பித்ததைக் கல்வெட்டு கூறுகிறது. சுண்ணாம்புப் பூச்சின்மீது காவிக்கல்லும் மரக்கரியும் கொண்டு வரைந்த வேலை. 1930களில் சென்னை அருங்காட்சியகத்தின் எஸ். பரமசிவன் இதன் பூச்சையும் நிறங்களையும் வேதியியல் முறைப்படி ஆராய்ந்தார். விதானம் ஓரளவு எஞ்சியிருக்க, கையெட்டும் உயரத்திலுள்ள தூண்களின் ஆடல் மகளிர் வெகுவாக மங்கிவிட்டனர்.

கருவறைக்குள் நின்றால் மூச்சின் முனகலே ரீங்காரமாகத் திரும்பிவரும். எல்லோரும் அதைக் கேட்டு மகிழ, நண்பர் மட்டும் சுவர்களைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தார். ஏறக்குறைய ஒன்பதரை அடிச் சதுரம், ஏழரை அடி உயரம். சுமார் 19 கனமீட்டர். இது ஐந்தாம் வகுப்பு அறையானால், உள்ளே மொத்தமாக 67 ஆயிரம் துகள்கள்தான் இருக்கலாம். அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவரே நிமிடத்துக்கு இலட்சம் நுண்துகள் உதிர்ப்பதாக அவர்கள் துறையில் ஒரு மதிப்பீடு வழங்குகிறது. நாங்கள் ஐவர் நின்றிருந்தோம்.

உடனே எங்களுள் ஒருவர், "அப்படியானால் முன்புறத்தைக் கண்ணாடியால் அடைத்து, உங்கள் வடிகட்டிகளை மாட்டிவிடலாமே சார்?" என்றார். வியாபாரம் கிடைத்த மகிழ்ச்சியை நண்பர் முகத்தில் எதிர்பார்த்தோம். அவரோ வேண்டவே வேண்டாம் என்றார். தூய அறையின் சுவர் ஈரம் உறிஞ்சாத தகடு. இங்கோ சுவர்தான் காக்கப்பட வேண்டிய பொருள். அது பாறையின் ஈரத்தோடு பருவந்தோறும் உறவாடிக்கொண்டிருப்பது. மேலும், வடிகட்டி துகளைப் பிடிக்கும். நாம் வெளிவிடும் நீராவியையும் கரியமில வாயுவையும் விட்டுவிடும். சுண்ணாம்பை அரிப்பது அவ்விரண்டின் கூட்டே. ஐந்தாம் வகுப்புச் சான்றிதழ் பெற்ற அறையிலும் ஓர் ஓவியம் உதிரலாம்.

பிரான்சின் லாஸ்கோ குகையை அவர் நினைவூட்டினார். 1940இல் கண்டறியப்பட்டு 1948இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட அக்குகையை, கூட்டத்தின் மூச்சால் ஓவியங்கள் கெடத் தொடங்கியதும் 1963இல் மூடினார்கள். அமெரிக்காவில் தூய அறைகளுக்கான முதல் கூட்டாட்சி நெறி, எண் 209, வெளிவந்ததும் அதே 1963இல்தான். மேலிருந்து கீழாகக் காற்றை ஒரே சீராகத் தள்ளி அறையைத் துடைக்கும் வில்லிஸ் விட்ஃபீல்டின் யோசனை அதற்குச் சற்று முன்னரே சாண்டியா ஆய்வகத்தில் பிறந்திருந்தது. மனிதன் மூச்சுவிடும் பிராணி என்பதை உலகம் அந்த ஓராண்டில் இரு இடங்களில் கவனித்திருக்கிறது போலும்! லாஸ்கோவில் காற்றைச் சீராக்கும் இயந்திரத்தைப் புதிதாக மாற்றியதையடுத்து, 2001இல் குகைக்குள் வெண்பூஞ்சை படர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

பார்க்க வருபவர்களை நிறுத்திவிடலாமா என்று திரும்பும் வழியெல்லாம் வாதிட்டோம். எங்களுக்கு ஒப்பவில்லை. மாவட்டத்துப் பிள்ளைகள் தங்கள் மண்ணின் குளத்தைப் படத்தில் மட்டும் பார்க்க வேண்டுமா? லாஸ்கோவுக்கு நகல் குகை ஒன்றை 1983இல் கட்டித் திறந்தார்கள். இங்கே நகலில் அந்த ரீங்காரம் வருமா என்றும் கேட்டுக்கொண்டோம். நண்பர் கேட்பது சிறியது: ஈரப்பதத்தையும் கரியமில வாயுவையும் ஓராண்டு இடைவிடாமல் குறிக்கும் கையடக்கக் கருவி ஒன்று மண்டபத்தின் மூலையில் இருக்கட்டும், எத்தனை பேர், எத்தனை நிமிடம் என்பதை அந்த எண்கள் தீர்மானிக்கட்டும். அதுவரை நாங்கள் எங்களுக்கென்று ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறோம். இருவர் இருவராகப் போகிறோம். ஓவியத்தின்கீழ் நின்று பேசுவதில்லை. விளக்கவுரைகளை வெளியே, குடுமியான்மலையிலிருந்து கொண்டுவந்து நிறுத்திய தூண்களின் நிழலில் வைத்துக்கொள்கிறோம்.