காட்டுக்குள் வயர்லெஸ்: கட்டியது யார், காப்பது யார்?

பி.காம். படிக்கிறவனுக்கு மலை உச்சி ஆண்டெனாக்களோடு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அடக்கவிலைக் கணக்கியலில் 'கூட்டுச் செலவு' என்று ஒரு பாடம் உண்டு. ஒரே செலவில் இரண்டு மூன்று பொருள்கள் வெளியே வந்தால், அந்தச் செலவை எதன் தலையில் எவ்வளவு எழுதுவது என்பதுதான் விஷயம். புத்தகத்தில் வழக்கம்போல் சர்க்கரை ஆலை, கழிவுப்பாகு என்று உதாரணம் கொடுத்திருப்பார்கள். வேறு நல்ல உதாரணம் கிடைக்குமா என்று இணையத்தில் மேய்ந்துகொண்டிருந்தபோது அமெரிக்காவில் சான் டியாகோ மாவட்டத்தின் மலைகளில் போய் நின்றேன். பாடம் மறந்தே போய்விட்டது!

சான் டியாகோவின் அமைப்பு இப்படி. மேற்கே கடல், கடலை ஒட்டி நகரம். கிழக்கே போகப்போக மலை, புதர்க்காடு, அதற்கும் அப்பால் பாலைவனம். நகரத்தில் எல்லா வசதியும் உண்டு. மலையில் ஆட்கள் குறைவு, ஆகவே எந்தத் தொலைபேசி நிறுவனத்துக்கும் கம்பி இழுத்துக்கொண்டு போக ஆசை கிடையாது. ஆனால் அந்த மலையில்தான் பாலோமார் வானாய்வகம் இருக்கிறது. நிலநடுக்கத்தை அளக்கும் கருவிகள், காட்டுயிர் ஆய்வு நிலங்கள், பூர்வகுடி மக்களின் குடியிருப்புகள் எல்லாம் இருப்பதும் அங்கேதான். 2000-ஆம் ஆண்டில் சான் டியாகோ சூப்பர்கம்ப்யூட்டர் மையத்தின் ஹான்ஸ்-வெர்னர் பிரவுன், ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தின் ஃபிராங்க் வெர்னன் ஆகிய இருவரும் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் மானியத்தில் ஒரு வலையமைப்பைத் தொடங்கினார்கள். பெயர் ஹெச்.பி.டபிள்யூ.ரென். நீளமான ஆங்கிலப் பெயரின் சுருக்கம் இது. ஆராய்ச்சிக்கும் கல்விக்குமான அதிவேகக் கம்பியில்லா வலையமைப்பு என்று புரிந்துகொண்டால் போதும்.

நம் வீட்டு வைஃபை அடுத்த அறைக்குப் போவதற்குள் மூச்சு வாங்குகிறது, இவர்கள் எப்படி முப்பது நாற்பது கிலோமீட்டர் அனுப்புகிறார்கள்? அலைவரிசை கிட்டத்தட்ட அதேதான். உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தக்கூடிய 2.4, 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைகளையும் பயன்படுத்தினார்கள். வித்தியாசம் ஆண்டெனாவில். வீட்டு ரவுட்டர் ட்யூப்லைட் மாதிரி எல்லாப் பக்கமும் பரப்புகிறது. மலை உச்சித் தட்டு ஆண்டெனா டார்ச் லைட் மாதிரி ஒரே திசையில் குவிக்கிறது. நிபந்தனை ஒன்றுதான். இரண்டு முனையும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். அதுவும் மெல்லிய கோடாகப் பார்த்தால் போதாது. முப்பது கிலோமீட்டர் இணைப்பு என்றால் நடுவழியில் அந்தக் கோட்டைச் சுற்றி சுமார் இருபது மீட்டர் காலியாக இருப்பது நல்லது. இடையில் ஒரு மேடோ மரமோ அதற்குள் தலையை நீட்டினாலும் சிக்னல் தேய்ந்துவிடும். அதனால்தான் எல்லாம் மலை உச்சிகள். பசிபிக் கடலைத் தாண்டி சான் கிளமென்ட்டே தீவுக்கு எழுபது மைலுக்கும் மேல் ஒரே தாவலில் இணைப்புக் கொடுத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் பலன் அடைந்தவர்கள் வானியலாளர்கள். பாலோமாரில் உள்ள சாமுவேல் ஆஷின் தொலைநோக்கியில் 2003-ல் 16 கோடி பிக்சல் கொண்ட பெரிய கேமரா ஒன்று பொருத்தப்பட்டது. அது இரவெல்லாம் எடுத்துத் தள்ளும் படங்களை மலையிலிருந்து இறக்க இந்த இணைப்புதான் வழி. 2003 அக்டோபர் 21-ஆம் தேதி அந்தத் தொலைநோக்கி எடுத்த படங்களில் மிக மெதுவாக நகரும் ஒரு புள்ளி இருந்தது. 2005 ஜனவரியில் மைக் பிரவுன் குழுவினர் பழைய படங்களை மறுபடி அலசியபோதுதான் அது கண்ணில் பட்டது. அதுதான் ஏரிஸ். 2006-ல் புளூட்டோ கோள் பதவியை இழந்ததற்குக் காரணமே இந்த ஏரிஸ்தான்!

தேதியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படம் எடுத்து நான்கே நாளில், அக்டோபர் 25 அன்று, அதே மாவட்டத்தின் காட்டில் வழிதவறிய வேட்டைக்காரர் ஒருவர் உதவிக்கு சைகை காட்டத் தீ மூட்டினார். பாலைவனத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும் சான்டா ஆனா காற்று அதைப் பிடித்துக்கொண்டது. சீடர் தீ என்று பெயர். 2 லட்சத்து 73 ஆயிரம் ஏக்கர், 2,200-க்கும் மேற்பட்ட வீடுகள், 15 உயிர்கள். இறந்தவர்களில் பலர் முதல் நாள் இரவிலும் விடியற்காலையிலும், தீ தங்கள் பக்கம் வருகிறது என்று தெரிவதற்கு முன்பே சிக்கிக்கொண்டவர்கள்.

வலையமைப்பைக் கட்டியவர்களும் தீயணைப்புத் துறையும் அதற்கு முன்பே கைகோத்திருந்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் கொயோட்டி தீ என்று ஒன்று. ஆயிரக்கணக்கான வீரர்கள் காட்டோரம் முகாம் போட்டிருக்கிறார்கள், செல்போன் எடுக்கவில்லை. பக்கத்து மலையிலிருந்து ஒரு தட்டு ஆண்டெனாவைத் திருப்பி முகாமுக்கு இணையம் கொடுத்தார்கள். தீயணைப்பு முகாமில் இணையம் எதற்கு என்று எனக்கும் முதலில் புரியவில்லை. தீ இன்று எங்கே நிற்கிறது என்ற வரைபடம் காலைக்குள் வர வேண்டும். வானிலை முன்னறிவிப்பு வர வேண்டும். அப்புறம் சாப்பாட்டு ஆர்டர், டீசல் கணக்கு, ஆள் கணக்கு, வேலை நேரப் பட்டியல்... ஒரு சின்ன ஊரையே நடத்துகிற நிர்வாகம் அது. நெருப்போடு சண்டை போடுகிற இடத்திலும் ரசீது வேண்டும்! (எங்கள் துறைக்கு எப்போதும் வேலை உண்டு.)

இன்னொரு பக்கம், ஆய்வு நிலத்தில் காற்றின் ஈரப்பதத்தையும் வேகத்தையும் அளக்க வைத்த கருவிகளே தீயணைப்புத் துறைக்கும் உதவின. ஈரப்பதம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போய்க் காற்று வேகம் மேலே போனால் அதிகாரிகளுக்குத் தானாகத் தகவல் போகும்படி செய்தார்கள். தாவர ஆய்வாளருக்காக வைத்த கருவிதான், கூடுதலாக ஆன செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். ஒரு மலை உச்சியில் கம்பம், சோலார் தகடு, பேட்டரி, ரேடியோ. அதன் வழியாக நிலநடுக்க அளவுகள் போகின்றன, நட்சத்திரப் படம் போகிறது, பூர்வகுடிப் பிள்ளைகளின் கற்றல் மையத்துக்கு இணையம் போகிறது, தீ வந்தால் தீயணைப்பு வரைபடமும் போகிறது. பேட்டரிச் செலவை யார் கணக்கில் எழுதுவீர்கள்? பயன்பாட்டு அளவுப்படி என்றால் வானியலாளர் தலையில் எல்லாம் விழும். பலனின் மதிப்புப்படி என்றால் தீயணைப்புத் துறை. ஆனால் அந்தப் பலன் வருடத்தில் சில நாள் மட்டுமே வரும், சில வருடம் வராமலே போகும். வராத வருடத்தில் அந்தச் செலவு வீண் என்றா எழுதுவது?

அதைவிடச் சிக்கல் பராமரிப்பு. மானியம் கொடுப்பவர்களுக்குக் கட்டுவது பிடிக்கும். புதிய கோபுரம், புதிய ஆராய்ச்சி, புகைப்படம். மூலதனச் செலவு எப்போதுமே அழகானது. அதற்கப்புறம் பேட்டரி வருடாவருடம் பலவீனமாகும். பனிமூட்டம் தொடர்ந்தால் சோலார் தகடு பட்டினி கிடக்கும். காற்று ஆண்டெனாவை ஒரு டிகிரி திருப்பிவிடும், அங்கே நாற்பது கிலோமீட்டரில் அது சிக்னலை வேறு மலைக்குக் கொண்டுபோய்விடும். எலி கம்பியைக் கடிக்கும். நட்டபோது சின்னதாக இருந்த மரம் வளர்ந்து குறுக்கே நிற்கும். ஒவ்வொன்றுக்கும் யாராவது ஜீப்பில் ஏறி மண் சாலையில் போய்க் கம்பத்தில் ஏற வேண்டும். இதற்கு யார் திட்ட அறிக்கை எழுதி மானியம் வாங்குவது? 2004-ல் அறிவியல் அறக்கட்டளையின் இன்னொரு மானியம் வந்தது. ஆனால் ஆராய்ச்சி மானியத்தில் ஒரு சேவையை என்றென்றும் ஓட்ட முடியாது. பிறகு பயன்படுத்துகிற அமைப்புகளே சேர்ந்து செலவைத் தாங்கும் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். என்னைக் கேட்டால் அந்த ஏற்பாடு, ஆண்டெனாவை விடப் பெரிய கண்டுபிடிப்பு.

இதே கதை நம்மூரிலும் நடந்திருக்கிறது, தீக்காக அல்ல, கண்ணுக்காக. 2000-களின் நடுவில் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையிலிருந்து சுற்றுவட்டார ஊர்களின் கண் பரிசோதனை மையங்களுக்கு இதே போன்ற தொலைதூர வைஃபை இணைப்பு அமைத்தார்கள். நோயாளி தன் ஊரிலேயே உட்கார்ந்திருப்பார், டாக்டர் தேனியில் திரையில் பார்ப்பார். அதைப் பற்றி 2008-ல் அவர்கள் எழுதிய கட்டுரையின் கவலை வேகம் அல்ல, சோதனைக் காலம் முடிந்த பிறகு அதை உயிரோடு வைத்திருப்பது எப்படி என்பதுதான். பெரும்பாலான கோளாறுகளுக்குக் காரணம் நம் மின்சாரமாம்! திடீரென்று எகிறுகிற வோல்டேஜ் ரவுட்டரைத் தின்றுவிடுகிறது. ஆகவே உள்ளூர் ஊழியர்களே கோளாறு பார்க்கும்படி பழக்கினார்கள்.

அதே தேனி மாவட்டத்தின் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பலர் என் வயதுக்காரர்கள். இந்தியாவில் காட்டுத்தீ எச்சரிக்கை பெரும்பாலும் செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. அது நல்ல ஏற்பாடுதான், ஆனால் அந்தச் செயற்கைக்கோள்கள் ஒரு இடத்தின் மேலே ஒரு நாளில் சில முறைதான் கடக்கும். மலை உச்சிக் கேமரா எங்கும் போகாது, அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு கேமரா இருந்திருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மலைச்சரிவில் தீ ஏறுகிற வேகம் அப்படி. எச்சரிக்கை வந்தாலும் அதைக் கேட்க அவர்கள் கையில் சிக்னல் வேண்டுமே. ஆனால் முதல் புகையை யார் பார்த்தார்கள், யாருக்குச் சொல்ல முடிந்தது என்ற கேள்வி என்னை விடவில்லை.

சான் டியாகோ மலைகளில் அப்படிக் கேமராக்கள் நிற்கின்றன. ஒவ்வொரு உச்சியிலும் நான்கு திசைக்கு நான்கு. இதை ஒட்டி வளர்ந்த அலர்ட் கலிபோர்னியா திட்டத்தில் மாநிலம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேமராக்கள் உள்ளன. 2023 முதல் கணினியே புகையை அடையாளம் கண்டு தீயணைப்பு மையத்தை எழுப்புகிறது. படங்கள் எல்லாருக்கும் திறந்தே இருக்கின்றன, இலவசம். தேர்வுக்குப் படிக்கிற சாக்கில் நானும் அவ்வப்போது திறந்து பார்ப்பேன். நமக்குப் பகல் என்றால் அங்கே இரவு. கறுப்பு மலை, தூரத்தில் ஊர் விளக்குகள், ஓரத்தில் நேரம். ஒரு கேமராவின் கண்ணாடியில் சிலந்தி வலை கட்டியிருந்தது. அதைத் துடைக்க யாராவது ஜீப்பில் ஏற வேண்டும்.