தூர் வார இறங்கலாம், குளிக்க இறங்கக்கூடாது

போன மே மாதக் கடைசியில் ஐந்து பேர் ஒரு வாடகைக் காரில் பெசன்ட் நகரிலிருந்து கிளம்பினோம். நாங்கள் இருவர், அம்மா, ஆறாவது முடித்த மகள், மூன்றாவது முடித்த மகன். மகனுக்குப் பாலைவனம் பார்க்க வேண்டும். மகளுக்கு ஓடுகிற தண்ணீரில் குளிக்க வேண்டும். ராஜஸ்தான் போகப் பணமும் இல்லை, லீவும் இல்லை. தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டின் படங்களைக் காட்டினோம். செக்கச்செவேலென்று மணல் மேடுகள். "இது தமிழ்நாடா?" என்று கேட்டான். அங்கே போய்விட்டு தாமிரபரணியில் குளித்துத் திரும்புவது, நான்கு நாள் என்று முடிவானது.

அம்மா ஒன்றுதான் கேட்டார். "அந்தப் பக்கம்லாம் யாராச்சும் எதாச்சும் கேப்பாங்களா?"

"இப்பல்லாம் யாரும் கேக்கறதில்லமா" என்றோம்.

தோழர்களே, சமூகவியல் முதுகலை படித்து, பத்து வருடமாகக் களத்தில் வேலை செய்கிற வீடு இது. வன்கொடுமை வழக்குகளில் உண்மை அறியும் குழுக்களோடு போய் வந்திருக்கிறோம். வாயால் அப்படிச் சொல்லிவிட்டு, மனதுக்குள் ஒரு பட்டியல் போட்டுக்கொண்டோம். எந்த ஊரில் நிறுத்தலாம், எங்கே சாப்பிடலாம், எந்தக் கிளைச்சாலைக்குள் போகாமல் இருப்பது நல்லது. 1936ல் நியூயார்க்கில் விக்டர் கிரீன் என்ற தபால்காரர், கறுப்பின மக்கள் பயணத்தில் அவமானப்படாமல் தங்கவும் சாப்பிடவும் கூடிய இடங்களைத் தொகுத்து ஒரு கையேடு போட ஆரம்பித்தார். கிட்டத்தட்ட முப்பது வருடம் அது வந்துகொண்டிருந்தது. நம்மிடம் அச்சடித்த கையேடு கிடையாது. ஒவ்வொரு வீட்டிலும் தலைக்குள் ஒன்று இருக்கிறது.

அண்ணல் அம்பேத்கரின் 'வெயிட்டிங் ஃபார் எ விசா'வைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அந்தச் சிறிய நூலின் முதல் கதையே ஒரு விடுமுறைப் பயணம்தான். 1901ல் சிறுவன் பீமராவ் அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் புது உடுப்பு போட்டுக்கொண்டு, கோரேகாவில் வேலை செய்யும் அப்பாவைப் பார்க்கப் போகிறான். மசூர் ரயில் நிலையத்தில் இறங்கியதும் சாதி தெரிந்துவிடுகிறது. வண்டிக்காரர் யாரும் ஏற்ற மறுக்கிறார்கள். இரண்டு மடங்கு கூலி கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். கையில் சாப்பாடு இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. இன்னொரு கதையும் பயணம்தான். 1934ல் தோழர்களோடு தௌலதாபாத் கோட்டை பார்க்கப் போகிறார். சாலைப் புழுதி போக வாசலில் இருந்த குளத்தில் முகம் கழுவுகிறார்கள். குளம் தீட்டாகிவிட்டது என்று கூட்டம் கூடிவிடுகிறது. கடைசியில் கோட்டைக்குள் விட்டார்கள், உள்ளே எங்கும் தண்ணீரைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு. மஹத்தில் ஆயிரக்கணக்கானோரோடு சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்து ஏழு வருடம் கழித்து, கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்த பாரிஸ்டருக்கு நடந்தது இது.

எங்களுக்கு நடந்தது அவ்வளவு பெரிதில்லை. திருச்சி தாண்டி, நெடுஞ்சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே, ஒரு பம்புசெட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். தொட்டியில் தண்ணீர் நுரைத்துக் கொட்டுவதைப் பார்த்ததும் பிள்ளைகள் கத்தினார்கள். வரப்பில் நின்ற பெரியவரிடம் கேட்டோம். "குளிக்கட்டும், அதுக்கென்ன" என்றார். மகன் சட்டையைக் கழற்றிவிட்டான்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"மெட்ராஸுங்க."

"அது சரி, சொந்த ஊரு?"

"செங்கல்பட்டுப் பக்கம்."

"அங்க ஊருக்குள்ளயா, எப்படி?"

இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு நொடி இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பொய் சொல்ல மனம் வரவில்லை. "காலனிங்க" என்றோம்.

அவர் கோபப்படவில்லை. முகம்கூட மாறவில்லை. "கரண்டு போற நேரம், மோட்டாரை நிறுத்தணும்" என்று சொல்லிவிட்டு கொட்டகைக்குள் போனார். தண்ணீர் நின்றது. மகன் கழற்றிய சட்டையை மறுபடி போட்டுக்கொண்டான். கார் திரும்பி மேட்டில் ஏறும்போது மோட்டார் மறுபடி ஓடுகிற சத்தம் கேட்டது.

"ஏன் நிறுத்திட்டாரு?" என்று மகள் கேட்டாள்.

"மோட்டார் ரிப்பேராம்" என்றோம்.

அது அவருடைய சொந்தக் கிணறு. அதில் வழக்குப் போட்டால் நிற்குமா என்பது தனி விவாதம். எங்களை அன்று இரவு தூங்கவிடாமல் செய்தது மோட்டார் நின்றது அல்ல. மகளிடம் நாங்கள் சொன்ன பொய்.

மறுநாள் விடியற்காலையில் திருச்செந்தூர் லாட்ஜிலிருந்து கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் தேரிக்காட்டுக்குப் போய்விட்டோம். குதிரைமொழித் தேரி அந்தப் பக்கம்தான். காற்று மணலை அலை அலையாக வரிபோட்டு வைத்திருந்தது. மணல் துகள்களின் மேல் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால் இந்தச் சிவப்பு என்று மகனுக்குச் சொன்னோம். அவன் கேட்கிற நிலையில் இல்லை, மேட்டிலிருந்து உருண்டுகொண்டிருந்தான். மணல் நகராமலிருக்க நட்ட முந்திரி, தானாக முளைத்த உடைமரம், தூரத்தில் பனை. இந்தத் தேரிகளில் கிடைத்த சிறிய கல்லாயுதங்களைப் பற்றி 1956லேயே தொல்லியல் ஆய்வாளர்கள் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். பல ஆயிரம் வருடங்களுக்கு முன்பே இங்கே மனிதர்கள் தண்ணீர் தேடி அலைந்திருக்கிறார்கள்.

அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். அவர் இப்படிக் காரணமில்லாமல் நடந்து நாங்கள் பார்த்ததில்லை. அவருடைய நடையெல்லாம் எங்காவது வேலைக்குப் போகிற நடை.

தேரிக்கு நடுவில், மேலப்புதுக்குடியில், அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் இருக்கிறது. சுற்றிலும் காய்ந்த செம்மணல், நடுவில் ஒரு சுனை. பிள்ளைகள் ஓடிப்போய்க் கையில் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார்கள். அங்கே யாரும் எங்களை எதுவும் கேட்கவில்லை. வெளியே பதநீர் விற்ற ஆச்சி, பனை ஓலைப் பட்டையில் ஊற்றிக்கொடுத்துவிட்டு, இந்தப் பூமி தேரியான கதையைச் சொன்னார். ஊருக்கு ஊர் கொஞ்சம் மாற்றிச் சொல்லப்படும் கதை அது. தண்ணீர் எடுக்கப் போன ஒரு பெண்ணின் குடத்தில் அரசனுக்கு உரிய மாங்கனி விழுந்துவிட்டது. திருடி என்று பட்டம் கட்டி அவளைக் கொன்றார்கள். அவள் விட்ட சாபத்தில் மண்மாரி பெய்து ஊர் மூடிப்போனது. சுனை மட்டும் மிஞ்சியது.

"தண்ணி எடுக்கப் போனதுக்கா கொன்னாங்க?" என்று மகள் கேட்டாள். ஆச்சி சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

"ஆயா, நீ ஏன் தண்ணிலயே இறங்க மாட்டேங்கற? உனக்கு நீச்சல் தெரியாதா?"

அம்மா கொஞ்ச நேரம் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க ஊர்ல பெரிய கெணறு ஒண்ணு இருந்துச்சு கண்ணு. படி வச்ச கெணறு. ஊருக்காரப் பசங்க மேலருந்து குதிப்பாங்க. வெயில் காலத்துல தண்ணி வத்துனா தூர் வாரணும். அதுக்கு எங்கப்பாவ கூப்புடுவாங்க. அவரு உள்ள இறங்கி சேறு அள்ளிக் குடுப்பாரு, நாங்க மேல நின்னு கூடைல வாங்குவோம். தூர் வார இறங்கலாம். தண்ணி ஊறுனப்புறம் குளிக்க இறங்கக்கூடாது. அப்புறம் எங்க நீச்சல் கத்துக்கறது?"

பிறகு எங்களைப் பார்த்து, "நேத்து அந்த மோட்டாருக்கு ஒண்ணும் ஆவல" என்றார்.

முப்பத்தைந்து வருடம் அம்மாவோடு வாழ்ந்தும் இந்தக் கிணற்றைப் பற்றி அவரிடம் நாங்கள் கேட்டதே இல்லை. ஊர் ஊராகப் போய்க் கேள்வித்தாளை நிரப்பியவர்கள் நாங்கள். அம்மாவுக்குத் தண்ணீர் என்றால் பயம், அது அவருடைய சுபாவம் என்றே நினைத்திருந்தோம். அந்தப் பயம் எங்களிடமும் இருக்கிறது. கடலுக்குப் பத்து நிமிட நடையில் வீடு. எங்கள் இருவருக்கும் நீச்சல் தெரியாது. மகளின் தோழிகள் நீச்சல் வகுப்புக்குக் கூப்பிட்டபோது "சளி பிடிக்கும்" என்று இரண்டு வருடமாகத் தட்டிக்கழித்தவர்கள் நாங்கள்.

அன்று சாயங்காலம் திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் ஆற்றங்கரைக்குப் போனோம். பக்கத்திலேயே கலெக்டர் ஆபீஸ். மகளை உட்காரவைத்து, முதலில் மோட்டார் விஷயத்தில் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டோம். "எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். பிறகு 1999 ஜூலை 23 பற்றிச் சொன்னோம்.

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டார்கள். சிறையில் அடைக்கப்பட்டிருந்தவர்களை விடச் சொல்லி கலெக்டர் ஆபீஸுக்கு ஊர்வலம் வந்தார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. தப்பிக்க ஆற்றில் இறங்கியவர்கள் மேலும் அடி விழுந்தது. 17 பேர் செத்தார்கள், அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. பெரும்பாலானோர் நீரில் மூழ்கி இறந்ததாக விசாரணை ஆணையம் சொன்னது. ஆர்.ஆர்.சீனிவாசன் எடுத்த 'நதியின் மரணம்' ஆவணப்படத்தைப் பாருங்கள். நீச்சல் தெரியாததால் செத்தார்கள் என்று யாராவது சொன்னால், கரையில் தடியோடு நின்றவர்கள் யார் என்று திருப்பிக் கேளுங்கள். இன்றும் ஒவ்வொரு ஜூலை 23க்கும் அந்த ஆற்றில் பூப்போட ஆட்கள் வருகிறார்கள்.

மகள் அதிகம் பேசவில்லை. "அப்ப இந்த ஆத்துல நாம குளிக்கலாமா?" என்று மட்டும் கேட்டாள். குளிக்கலாமா என்றால் அனுமதி கேட்கிறாளா, அது சரியா என்று கேட்கிறாளா என்று எங்களுக்குப் புரியவில்லை. பதில் அம்மா சொன்னார். "நம்ம ஆளுங்க செத்த ஆறு. நாம குளிக்கலனா யார் குளிக்கறது?"

அடுத்த நாள் காலை பாபநாசம் படித்துறை. மேலே மலை. அந்த மலைத்தொடரில்தான் மாஞ்சோலை இருக்கிறது. நான்கு தலைமுறை உழைத்த தொழிலாளர்களை 2024ல் தோட்டத்தை மூடி இறக்கிவிட்டார்கள். கீழே படித்துறையில் நல்ல கூட்டம். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீர் வரை போனோம். திரும்பிப் பார்த்தால் அம்மா புடவையைச் செருகிக்கொண்டு மூன்றாவது படியில் நிற்கிறார். கொஞ்ச நேரத்தில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் தோள் வரை. "ஆயா, முங்கு!" என்று மகன் கத்தினான். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு முறை முங்கி எழுந்தார். அவ்வளவுதான் நடந்தது. வீடியோ எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இளம் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். சுற்றுலா, குளியல், நீச்சல் எல்லாம் போராட்டத்துக்கு வெளியே உள்ள சொகுசு என்று நாம் நினைக்கிறோம். நம் முன்னோர் அப்படி நினைக்கவில்லை. பொதுச் சாலைகளையும் கிணறுகளையும் குளங்களையும் நம் மக்கள் பயன்படுத்தத் தடையில்லை என்ற தீர்மானத்தை 1924ல், மஹத்துக்கு மூன்று வருடம் முன்பே, சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். அரசியலமைப்பின் 15(2)ஐ எடுத்துப் படியுங்கள். கடை, உணவகம், விடுதி, பொழுதுபோக்கு இடம், கிணறு, குளம், குளிக்கும் படித்துறை, சாலை என்று வரிசையாக வருகிறது. ஒரு குடும்பம் ஊர் சுற்றக் கிளம்பினால் எங்கெல்லாம் கால் வைக்குமோ அத்தனையும் அதில் இருக்கிறது. 2015ல் திருத்தப்பட்ட வன்கொடுமை தடுப்புச் சட்டமும் ஆறு, ஓடை, ஊற்று, படித்துறை என்று பெயர் சொல்லியே பாதுகாக்கிறது.

தண்ணீருக்குள் ஒன்றாக இறங்குவதைத்தான் ஆதிக்கம் கடைசி வரை பொறுக்காது. 1964 ஜூனில் அமெரிக்காவின் செயின்ட் அகஸ்டின் நகரில், வெள்ளையருக்கான ஹோட்டல் நீச்சல் குளத்தில் கறுப்பினத்தவர்களும் அவர்களின் வெள்ளைத் தோழர்களும் சேர்ந்து குதித்தபோது, ஹோட்டல்காரர் அந்தக் குளத்தில் அமிலம் ஊற்றினார். இரண்டு வாரத்தில் சிவில் உரிமைகள் சட்டம் கையெழுத்தானது. நமக்கு 2022 டிசம்பர் வேங்கைவயல் இருக்கிறது. குடிதண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்தார்கள்.

எனவே இந்த விடுமுறையில் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊரில் உள்ள கிணறு, குளம், ஏரி, படித்துறை எல்லாவற்றையும் எழுதுங்கள். யார் எங்கே குளிக்கிறார்கள், யார் தூர் வாரினார்கள் என்று வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் கேளுங்கள். எங்களைப் போல முப்பத்தைந்து வருடம் தாமதிக்காதீர்கள்.

நாங்கள் வசிக்கும் பகுதியில் பஞ்சமர் பிள்ளைகளுக்காக ஆல்காட் 1894லேயே பள்ளிக்கூடம் திறந்துவிட்டார். நீச்சல் எங்கள் வீட்டுக்கு இப்போதுதான் வந்திருக்கிறது. ஜூனிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை மெரினாவில் உள்ள மாநகராட்சி நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போகிறோம். எலியட்ஸ் கடற்கரை வழியாகத்தான் பஸ் பிடிக்க நடக்கிறோம். கடலில் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் 1930ல் உயிர்விட்ட டென்மார்க்காரர் ஷ்மிட்டின் நினைவுச்சின்னம் அங்கே நிற்கிறது. "நானும் நல்லா கத்துக்கிட்டா யாரையாச்சும் காப்பாத்தலாம்ல?" என்று மகள் போன வாரம் கேட்டாள்.

அம்மாவும் கூட வருகிறார். இறங்குவதில்லை. பையோடு உட்கார்ந்து, பேத்தி எவ்வளவு தூரம் போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். எங்களிடம் மட்டும் ஒவ்வொரு வாரமும் ஒன்று கேட்கிறார்: "நீங்க ரெண்டு பேரும் எப்ப இறங்கப் போறீங்க?"

ஜெய்பீம்.