ஆனி மாசத்திலேயே தீபாவளி

தீபாவளிக்கு இன்னும் நாலு மாசம் கிடக்கு, அதுக்குள்ள இவ பரிசுப் பொருளைப் பத்தி ஆரம்பிச்சிட்டாளேன்னு நினைக்கிறீங்களா? காரணம் இருக்கு நண்பர்களே. போன வருஷம் நான் செய்த ஒரு தப்பில் இருந்து தொடங்குகிறேன்.

எங்கள் வணிகவியல் துறையில் ஒவ்வொரு தீபாவளிக்கும் மெஸ் அக்காக்கள், துப்புரவுப் பணியாளர்கள், அலுவலக உதவியாளர்கள் எல்லோருக்கும் இனிப்பு கொடுப்பது வழக்கம். வழக்கமாக பளபள பிளாஸ்டிக் டப்பாவில்தான். போன வருஷம் நான் எழுந்து நின்று ஒரு பிரசங்கமே செய்தேன். "2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கு. பனை நம்ம மாநில மரம். பனையோலைப் பெட்டியில் கொடுப்போம்" என்றேன். கைதட்டல் எல்லாம் கிடைத்தது. பொறுப்பும் என் தலையில் விழுந்தது :-)

திருச்செந்தூர் பக்கம் எங்கள் சித்தி ஊரில் ஓலைப்பெட்டி முடையும் ஆச்சி ஒருத்தர் இருக்கிறார். அந்தப் பக்கம் மணப்பாடு ஓலைப் பொருட்களுக்குப் பேர் போன ஊர். செட்டிநாட்டில் இதையே கொட்டான் என்பார்கள், கல்யாணச் சீரில் கட்டாயம் இருக்கும். சித்தி மூலம் பேசினேன். மூடியோடு பெட்டி ஒன்று 45 ரூபாய் என்றார். வணிகவியல் மாணவி சும்மா விடுவேனா? "120 பெட்டி மொத்தமா வாங்குறோம் ஆச்சி, குறைச்சுக்கோங்க" என்று பேசிப்பேசி 38 ரூபாய்க்கு முடித்தேன். முன்பணம் எதுவும் கொடுக்கவில்லை. தீபாவளிக்கு 12 நாள் இருந்தது.

பெட்டிகள் சொன்ன தேதிக்கு பஸ்ஸில் வந்து சேர்ந்தன. பிரித்துப் பார்த்தால் 22 பெட்டிகளில் பூசணம். அவற்றை ஒதுக்கிவிட்டு, மீதி 98 பெட்டிக்கு மட்டும் பணம் அனுப்பினேன். 836 ரூபாய் கழித்தாயிற்று. கணக்கு சரி, ரசீதும் சரி. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

பொங்கல் லீவுக்கு சித்தி வீட்டுக்குப் போனபோது ஆச்சியைப் பார்க்கப் போனேன். அவரும் இரண்டு மருமகள்களும் திண்ணையில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். பூசணத்தைப் பற்றி நானே கேட்டேன்.

"ஐப்பசி மழையில ஓலை எப்படிட்டி காயும்? ராத்திரியெல்லாம் அடுப்புகிட்ட பரப்பி வச்சுல்லா காய வச்சோம். வெயில்ல காஞ்ச மாதிரி வருமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குருத்தோலையை வெட்டி, வெயிலில் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, வண்ணம் வேண்டுமென்றால் சாயத் தண்ணீரில் கொதிக்கவைத்து, மறுபடி காயவைத்து, அப்புறம்தான் முடையவே ஆரம்பிக்க முடியும். இதில் பாதி வேலையைச் செய்வது வெயில். நமக்கு தீபாவளி வருவதோ ஐப்பசி அடைமழையில். பன்னிரண்டு நாள் கெடு வைத்து அந்தப் பூசணத்தை வரவழைத்ததே நான்தான்!

திண்ணையில் உட்கார்ந்தே ஒரு கணக்குப் போட்டேன். மூடியோடு ஒரு பெட்டி முடைய அவருக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. ஓலைக்கும் சாயத்துக்கும் 8 ரூபாய். நான் கொடுத்த 38-ல் மிஞ்சுவது 30. அதாவது மணிக்கு 15 ரூபாய். காயவைத்த நேரம், வார்ந்த நேரம் எதுவும் இதில் சேரவில்லை. அந்த 22 பெட்டிக்கு அதுவும் இல்லை.

"மொத்தமா வாங்கினா விலை குறையும்" என்று வகுப்பில் படிக்கிறோம் இல்லையா? அது இயந்திரத்துக்குச் சரி. ஒரு தடவை அச்சு செய்துவிட்டால் ஆயிரமாவது டப்பாவுக்குச் செலவு குறைந்துவிடும். ஆச்சிக்கு நூறாவது பெட்டிக்கும் அதே இரண்டு மணி நேரம்தான். சொல்லப்போனால் விரல் வலியில் இன்னும் கொஞ்சம் கூடத்தான் ஆகும். நான் அடித்துப் பேசிய தள்ளுபடி முழுக்க அவர் கூலியில் இருந்துதான் போயிருக்கிறது. பிளாஸ்டிக்கை ஒழித்த சந்தோஷத்தில் இதை நான் கவனிக்கவே இல்லை.

கையில் இருந்த பொங்கல் காசில் 836 ரூபாயை எடுத்து நீட்டினேன். வேண்டாம் என்று மறுப்பார் என்று நினைத்தேன் (சினிமா பார்த்துக் கெட்ட புத்தி!). வாங்கி எண்ணிப் பார்த்து மடியில் முடிந்துகொண்டார். "இது பழைய கணக்கு. அடுத்த வருசத்துக்கு வேணும்னா ஆனியிலயே சொல்லிரு. வெயில் அடிக்கையில ஓலைய சேத்து வச்சுக்கிடுவோம்" என்றார்.

ஆகவேதான் இந்த ஆனி மாசத்தில் தீபாவளியைப் பற்றிப் பேசுகிறேன். துறையில் போராடி, 45 ரூபாய்க்கே 120 பெட்டிக்குச் சொல்லி, பாதிப் பணத்தைப் போன வாரம் முன்கூட்டியே அனுப்பியாயிற்று. "ஆர்டரே இப்போதானா? பணம் வேறயா?" என்று பொருளாளர் முறைத்தான். ஓலை வாங்கவும் சாயம் வாங்கவும் அவர்கள் வட்டிக்குக் கடன் வாங்க வேண்டாம், அவ்வளவுதான் விஷயம் என்று சொன்னேன். நடைமுறை மூலதனம் பற்றி ஐந்து மார்க் கேள்விக்கு எழுதியது ஒருவழியாக உபயோகப்பட்டது.

இன்னொன்று. போன வருஷப் பெட்டியில் எங்கள் மெஸ் அக்கா இன்னமும் பூண்டு போட்டு வைத்திருக்கிறார். நனையாமல் பார்த்துக்கொண்டால் போதும், வருஷக்கணக்கில் இருக்கும் என்கிறார். அதற்கு முந்தைய வருஷத்து பிளாஸ்டிக் டப்பா எங்கே என்று கேட்டேன். அவருக்கு ஞாபகமே இல்லை.

உங்கள் ஊரிலும் கோரைப்பாயோ, மண் பொம்மையோ, மூங்கில் கூடையோ செய்கிறவர்கள் இருப்பார்கள். பண்டிகைக்கு அவர்களிடம் வாங்குவதாக இருந்தால் இந்த வாரமே போய், "உங்களுக்கு எத்தனை நாள் வேணும்?" என்று கேட்டுவிடுங்கள். விலையை அப்புறம் பேசலாம். பேசாமலும் இருக்கலாம் :-)