பூச்சி மாத்திரையும் தங்கையின் இளைப்பும்

பூச்சி மாத்திரையைத் தெரியாதவர் நம் பாலிடெக்னிக்கில் யாரும் இருக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் கண்ணெதிரேயே மென்று விழுங்கினோமே, அந்த அல்பெண்டசோல் 400 மி.கி. தான். 2015 முதல் குடற்புழு நீக்க நாள் என்றே ஒன்று வைத்து, 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்குக் கொடுக்கிறார்கள். அந்தக் கணக்கில் பதினெட்டு வயது நானும் இன்னும் குழந்தைதான்!

அந்தப் புழுவிடமிருந்தே ஆஸ்துமாவுக்கு மருந்து வரக்கூடும் என்று படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் என் தங்கை. குற்றாலத்தில் சாரல் விழுந்தால் தென்காசிக்கே கொண்டாட்டம். எங்கள் வீட்டில் மட்டும் அவளுக்கு இளைப்பு. ஆனி, ஆடியில் பல ராத்திரிகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே விடியும்.

விஷயத்துக்கு வருகிறேன். தூசியோ பூஞ்சையோ மூச்சுக்குழாயைச் சீண்டினால், அடிபட்ட செல்கள் இன்டர்லூக்கின்-33 என்ற ஒன்றை வெளியே விடுகின்றன. எலக்ட்ரிக்கல்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், அது ஒரு சைரன். சைரன் கேட்டதும் அலர்ஜிப் படை ஓடி வரும். குழாய் வீங்கும், சளி அடைக்கும், இளைக்கும். வயிற்றுப் புழுவை விரட்டுவதும் ஏறத்தாழ இதே படைதான். எனவே புழு சும்மா இருக்குமா? எலியின் குடலில் வாழும் ஒரு புழு சுரக்கும் புரோட்டீன், அந்தச் சைரனைச் செத்த செல்லின் டி.என்.ஏ.வோடு சேர்த்துக் கட்டிப்போட்டு விடுகிறது என்று 2017-ல் பிரிட்டன் விஞ்ஞானிகள் கண்டார்கள். சத்தமே வெளியே வராது! அதற்கு முந்திய வருஷம் ஆஸ்திரேலியாவில் கொக்கிப்புழுவின் இன்னொரு புரோட்டீனைக் கொடுத்து, எலிகளின் மூச்சுக்குழாய் வீக்கத்தைக் குறைத்துக் காட்டினார்கள்.

நம் சென்னையிலும் இதற்கு ஒரு பங்காளிக் கதை உண்டு. யானைக்கால் புழுத் தொற்று சர்க்கரை நோயாளிகளிடம் குறைவாக இருப்பதாக 2010-ல் அங்கே ஒரு ஆய்வு வெளியானது. புழு உடம்பின் கோபத்தைத் தணிப்பது ஆஸ்துமாவோடு நிற்கவில்லை போலிருக்கிறது.

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். டாக்டர் சீட்டு, மாத்திரை அட்டை எல்லாம் என் கைக்குத்தான் வரும். நான் வாசித்துச் சொன்னால் அதுதான் தீர்ப்பு. இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது ஆச்சி கேட்டாள்: "எய்யா, அப்ப பூச்சி இருந்தாத்தான் நல்லதா? இவளுக்கு மாத்திரை வேண்டாம்னு எழுதிக் குடுத்துருவோமா? நீ படிச்சவன், சொல்லு." அம்மாவும் பீடி சுற்றுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

எனக்குப் பக்கென்றது. "பாம்பு விஷத்துல மருந்து எடுக்காங்கன்னு பாம்ப வீட்டுக்குள்ள விடுவோமா ஆச்சி?" என்றேன்.

சும்மா சொல்லவில்லை. பிரிட்டனில் ஆஸ்துமாக்காரர்களுக்குத் தலைக்கு 10 கொக்கிப்புழுக் குஞ்சுகளை விட்டுப் பார்த்தார்கள். 2010-ல் வந்த முடிவில், சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை. செருப்பில்லாமல் வயலில் நிற்கும் எங்கள் அப்பா போன்றவர்களுக்குக் காலைத் துளைத்து ஏறுவதும், ரத்தத்தைக் குடித்துச் சோகை பிடிக்க வைப்பதும் அதே கொக்கிப்புழுதான். தவிர, எல்லாப் புழுவும் இளைப்பைத் தணிப்பதில்லை. 1943-ல் வெயின்கார்ட்டன் என்ற டாக்டர் இந்தியாவில் பார்த்து எழுதிய ‘ட்ராபிகல் ஈசனோபீலியா’வில், ராத்திரி இருமலையும் இளைப்பையும் கொண்டு வருவதே யானைக்கால் புழு என்று பிற்பாடு தெரிந்தது.

எனவே வேண்டியது புழு அல்ல, அதன் புரோட்டீன் மட்டும். அதிலும் சிக்கல். வாயால் விழுங்கினால் பருப்பு மாதிரி செரித்துப் போகும். ஊசியாகப் போட்டால், அந்நியப் பொருள் என்று உடம்பு அதையே எதிர்க்கலாம். எலியிலிருந்து மனுஷனுக்கு வர வெகுதூரம்.

தங்கை மாத்திரையை விழுங்கினாள். டாக்டர் சொன்ன இன்ஹேலரையும் இழுக்கிறாள். "பழகிப் போயிரும்லா" என்ற ஆச்சியை, டாக்டர் வாயாலேயே சொல்ல வைத்துச் சம்மதிக்க வைத்தேன். புகையிலைத் தூள் அவளுக்கு ஆகாது என்று அம்மா பீடித் தட்டைத் திண்ணைக்கு மாற்றிவிட்டாள். சாரல் அடித்தால் மட்டும், இலை நனைகிறதென்று தட்டு மறுபடியும் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.