தளவானூரில் ஒரு தொப்பி

என் தமக்கையின் மகன் பேஸ் கிட்டார் வாசிக்கிறவன். கல்யாண மண்டபங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் மெல்லிசைக் கச்சேரி செய்யும் குழு ஒன்றில், விளக்கு வெளிச்சம் அதிகம் விழாத ஓர் ஓரத்தில் நின்றுகொண்டு, நான்கு தடித்த கம்பிகளைச் சுண்டி, கேட்கிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் தாங்கள் கேட்கிறோம் என்பதையே அறியாத ஒரு நாதத்தை இரவு முழுவதும் எழுப்பிக்கொண்டிருப்பது அவன் ஜீவனம். சென்ற தை மாதத்தில் ஒரு கச்சேரி முடிந்ததும், ஓரிடத்தில் சுரம் பிசகிவிட்டதாகக் குழுத் தலைவர் அவனைக் கடிந்துகொள்ள, டிரம் வாசிக்கிற நண்பனோ, "குரூவ் நின்றதா இல்லையா? அப்புறம் எந்தச் சுரமாயிருந்தால் என்ன?" என்று பரிந்து பேச, இரண்டு கட்சிகளுக்கும் நடுவே அகப்பட்டவன் நேரே என்னிடம் வந்து, "மாமா, எது பெரிசு? நீங்கதான் சொல்லணும்" என்று உட்கார்ந்துவிட்டான்.

'சுருதி மாதா, லயம் பிதா' என்று நம் பெரியோர்கள் சொல்லிவைத்திருப்பதை அவனுக்கு எடுத்துச் சொன்னேன். "அப்பா பெரியவரா அம்மா பெரியவளா என்று கேட்டால் இரண்டு பேருமே என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிற பதில் மாமா இது" என்றான். நியாயந்தான்.

இந்த நிலையில், செஞ்சியில் ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்ற என் சிநேகிதர் ஒருவர் எழுதிய கடிதம் வந்தது. தளவானூரில் ஒரு வீட்டுத் திண்ணையில் மத்தளம் மூட்டும் பெரியவர் ஒருவர் வந்து தங்கியிருப்பதாகவும், கூத்துக் காலம் முடியும்வரை சுற்றுவட்டாரத்து வாத்தியங்களையெல்லாம் பழுது பார்ப்பார் என்றும், இந்தத் தொழில் இன்னும் எத்தனை காலம் நிற்குமோ தெரியாதாகையால் உடனே வந்து பார்க்கவேண்டும் என்றும் அவர் எழுதியிருந்தார். மருமகனையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடைப்பட்ட அந்தப் பிரதேசத்தில் பாறைகள் வயல்களுக்கு நடுவே திடீர் திடீரென்று எழுந்து நிற்கின்றன. அருகில் உள்ள மண்டகப்பட்டில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு ஆலயம் அமைத்ததாகக் கல்லில் எழுதிவைத்துப் பெருமைப்பட்டுக்கொண்ட மகேந்திரவர்மனே தளவானூர்க் குன்றையும் குடைந்திருக்கிறான். சத்ருமல்லேசுவரம் என்று பெயர். முகப்புத் தெற்கே பார்த்திருக்க, உள்ளே கர்ப்பகிருகம் மட்டும் மேற்குப் பக்கத்தில் ஒதுங்கிக் கிழக்கே பார்க்கிறது. தூண்களுக்கு மேலே ஒரு மகர தோரணம். மண்டகப்பட்டின் கட்டுப்பாட்டுக்குப் பின் இவ்வளவு அலங்காரத்துக்கு மன்னனின் மனம் இளகியது எப்படி என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அவனுடைய விருதுப் பெயர்கள் பல: விசித்திரசித்தன், குணபரன், மத்தவிலாசன், சத்ருமல்லன். அவற்றுள் 'சங்கீர்ணஜாதி' என்ற ஒன்றும் உண்டு. தாளத்தில் ஒன்பது அட்சரம் கொண்ட ஜாதிக்குச் சங்கீர்ணம் என்று பெயர் இருப்பதால், தாள வித்தையில் அவனுக்கிருந்த தேர்ச்சியைக் குறிக்கும் பட்டம் இது என்று ஆராய்ச்சியாளர்களில் சிலர் கருதுகிறார்கள். "அப்போ ராஜா நம்ம கட்சி" என்று மருமகன் டிரம்காரனை நினைத்துச் சந்தோஷப்பட்டான். அவசரப்படாதே என்றேன்.

பெரியவர் வெற்றிலை மென்றபடி திண்ணையில் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தார். இரண்டு பாதங்களுக்கும் நடுவில் ஒரு மத்தளம் குழந்தையைப் போல் கிடந்தது. வலக்கைப் பெருவிரலில் நகம் இல்லை. வார் இழுத்து இழுத்து எப்போதோ போய்விட்டதாம். நாங்கள் வந்த காரியத்தைச் சொன்னதும், "பாக்கறதுக்கு இன்னா இருக்கு ஐயா, தோலும் கட்டையுந்தான்" என்றார். பிறகு சாயங்காலம் வரையில் பேசினார்.

கட்டை என்பது பலாமரம். பண்ருட்டிப் பலாவுக்கு மிஞ்சியது இல்லை என்பது அவர் தீர்ப்பு. வலப்பக்கத்து முகமான வலந்தலைக்குப் பசுவின் தோலும் ஆட்டுத்தோலும், இடப்பக்கத்து முகமான தொப்பிக்கு எருமைத்தோலும் ஆட்டுத்தோலும், இரண்டையும் இறுக்கிப் பிடிக்கிற வார்களுக்கு எருமைத்தோலும் வேண்டும். அந்த வார்களைப் பின்னுகிற முறையை இரண்டு முறை செய்து காட்டினார். எனக்கு இரண்டு முறையும் விளங்கவில்லை. விளங்கினது போல் எழுதி வாசகரை ஏமாற்ற விருப்பமில்லாததால் அதை விட்டு மேலே செல்கிறேன்.

வலந்தலையின் நடுவே கறுப்பாக இருக்கிறதே, அதற்குக் கரணை என்றும் சோறு என்றும் பெயர். உண்மையாகவே சோறுதான்: குழைந்த சாதத்தில் கிட்டங்கல் பொடியைச் சேர்த்துப் பிசைந்து, சுண்டைக்காயளவு எடுத்துத் தோலில் அப்பி, வழவழப்பான ஒரு கல்லால் ஈரம் உலரும் வரையில் தேய்க்கவேண்டும், உலர்ந்தபின் அதன்மேல் இன்னொரு பூச்சு, மறுபடியும் தேய்ப்பு. இப்படி எத்தனை பூச்சு என்று கேட்டேன். "சத்தம் வர்ற வரைக்கும்" என்றார். சாதாரணமாகத் தோற்கருவியின் ஒலியில், அடிநாதத்தோடு ஒத்து இசைகிற மேற்சுரங்கள் அமைவதில்லை; அதனால் அதைச் சுரம் என்று சொல்லாமல் சத்தம் என்றே சொல்கிறோம். நடுவில் ஏற்றிய இந்தக் கறுப்புச் சோற்றின் பாரத்தால் மிருதங்கத்தில் மேற்சுரங்கள் ஒழுங்குக்கு வந்து ஒரு சுருதி பிறக்கிறது என்பதைச் சர் சி. வி. ராமன், சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து 1920-இல் 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார். திண்ணைகளில் உட்கார்ந்து கல்லால் தேய்த்தவர்களுக்கு அதற்கு வெகுகாலம் முன்பே கைவந்த சங்கதி அது.

ஆனால் எங்கள் வழக்கு வலந்தலையைப் பற்றியதன்று, தொப்பியைப் பற்றியது. அதுதான் நம்முடைய பேஸ். அதற்கு நிரந்தரமான சோறு கிடையாது. வாசிப்பதற்குச் சற்று முன்பு ரவையைத் தண்ணீரில் பிசைந்து நடுவில் அப்பவேண்டும். முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடவேண்டும். பெரியவர் அன்றைய இரவுக் கூத்துக்குப் போகவேண்டிய மத்தளத்தின் தொப்பியை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, ஓர் அலுமினியக் கிண்ணத்தில் ரவையைப் பிசைந்து, வடை தட்டுவதுபோல் அப்பி, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். 'தொம்' என்றது. தலையை ஆட்டிவிட்டு ஓரத்திலிருந்து ஒரு சிட்டிகை கிள்ளி எறிந்தார். மறுபடியும் தட்டினார். விரலை நீரில் நனைத்து ஓரத்தைத் தேய்த்தார். மீண்டும் ஒரு சிட்டிகை. திண்ணையின் கீழே காத்திருந்த கோழி ஒன்று அவர் எறிந்ததையெல்லாம் பொறுக்கியது. கால் மணி நேரம் இது நடந்தது. கடைசியில் மணிக்கட்டின் அடிப்பாகத்தைத் தோலில் அழுத்தி முன்னுக்குத் தள்ளியபடி ஒரு தட்டுத் தட்ட, நாதம் கீழே கிளம்பி மேலே வளைந்து ஏறிற்று. அதைக் கும்கி என்பார்கள்.

இங்கேதான் என் மருமகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "இது எந்தச் சுரம் தாத்தா? கீழ சா-வில ஆரம்பிச்சு எங்கேயோ போகுதே" என்றான். தொப்பியைப் பெரும்பாலும் கீழ் ஸ்தாயி ஷட்ஜத்தை ஒட்டிச் சேர்ப்பது வழக்கம். கும்கியோ அந்த இடத்தில் நில்லாமல் வழுக்கிச் செல்வதனாலேயே அழகு பெறுவது. மிருதங்க வித்துவான் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் கும்கியைக் கேட்டவர்கள் இன்றும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். அவர் இடக்கைக்காரர், ஆகையால் தொப்பி அவருடைய வலக்கைக்கு வாய்த்தது. அந்தக் கும்கி எந்தச் சுரத்தில் போய் நின்றது என்று ஒருவரும் கேட்டதாக நான் அறியேன். எந்த இடத்தில் விழுந்தது என்பதைத்தான் பேசுகிறார்கள்.

இதற்கு மருமகன் பேஸ் கிட்டாரின் சரித்திரத்தை எடுத்துவிட்டான். மேல்நாட்டில் ஆளுயரமுள்ள டபிள் பேஸ் என்ற வாத்தியத்தில் மெட்டுக் கிடையாது. விரல் வைக்கும் இடத்தைக் காதுதான் கண்டுபிடிக்கவேண்டும். லியோ ஃபெண்டர் 1951-இல் மெட்டுக் கட்டிய பேஸ் ஒன்றைச் செய்து, இனிமேல் சுரம் துல்லியமாக விழும் என்ற பொருளில் அதற்குப் 'பிரிசிஷன்' என்றே பெயரிட்டார். அதை வாங்கிய ஜேம்ஸ் ஜேமர்சன் என்னும் டெட்ராய்ட் நகரத்துக் கலைஞரோ வலக்கையின் ஒரே விரலால் வாசித்தார். கம்பி அறுந்தாலொழிய மாற்றமாட்டார். பழசாகி மழுங்கிய அந்தக் கம்பிகளிலிருந்துதான் மோடவுன் இசைத்தட்டுகளின் அந்த நடை பிறந்தது. ஜேக்கோ பாஸ்டோரியஸ் என்பவர் மெட்டுக்களையே பிடுங்கியெறிந்துவிட்டாராம். "ஆனா மாமா, நம்ம இளையராஜா சார் பாட்டு இருக்கே, அதில பேஸுக்கு ஒவ்வொரு சுரமும் எழுதியே வரும். சசிதரன் சார் வாசிச்சதில ஒண்ணை மாத்தினாலும் பாட்டு நொண்டும்" என்று தன் கட்சிக்கே எதிர்ச்சாட்சியும் சொல்லி வைத்தான். சத்தியவான்!

பெரியவர் இந்தப் பிரசங்கத்தை மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தம் கதையைச் சொன்னார். தகப்பனார் பஜனை மடங்களுக்கு மூட்டுக் கட்டியவர். இவர் சிறுவயதில் பட்டணத்துக்குப் போய், மயிலாப்பூர்ப் பக்கத்தில் ஒருவரிடம் இருபது வருஷம் வேலை செய்தார். பெரிய வித்துவான்களின் மிருதங்கங்கள் இவர் மடியில் கிடந்திருக்கின்றன. மார்கழிக் கச்சேரிகளுக்கு வார் அறுந்தால் கட்டுவதற்காகக் கூடவே போவார். சபாவுக்குள் போனதில்லை. சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில் உட்கார்ந்து, சுவருக்கு அப்பாலிருந்து கேட்பார். "பாட்டு சரியா காதுல உழாது ஐயா. தொப்பி மட்டும் செவுத்த தாண்டி வரும்."

தஞ்சாவூரில் பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கங்களுக்கு உயிர் கொடுத்த பர்லாந்து முதலானவர்களின் குடும்பங்களைப் பற்றி டி. எம். கிருஷ்ணா 2020-இல் ஒரு புத்தகமே எழுதினார். அதற்குமுன் எத்தனை தலைமுறைகள் பெயரின்றிப் போயின! தோல் இல்லாமல் நாதம் இல்லை; ஆனால் தோலைத் தொட்டவன் வாசலோடு நிற்கவேண்டும் என்பதுதானே நம்முடைய சங்கீத சம்பிரதாயமாக இருந்தது! அதுவாவது பழைய பாவம். இன்றைய பாவம் தரகரின் ரூபத்தில் வருகிறது. தோலை மொத்தமாக வாங்கி அடுக்கி வைத்துக்கொண்டு, நல்லதை வெளியூருக்கு அனுப்பிவிட்டு மீந்ததை இவரிடம் முன்பணக் கணக்கில் தள்ளுகிறவர் ஒருவர்; இவர் ஒரு வாரம் தேய்த்து முடித்த வாத்தியத்தை வாங்கிப்போய்த் தம் கடையின் பெயரைப் பித்தளைத் தகட்டில் அடித்து ஒட்டிக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறவர் இன்னொருவர். நகம் போனது யாருக்கு, தகடு யாருக்கு? நெசவிலும் மட்பாண்டத்திலும் பாயிலும் பார்த்த அதே நாடகந்தான். வேஷம் மட்டும் வேறு. இதைப் பற்றி இன்னும் இரண்டு பக்கம் எழுத எனக்கு ஆத்திரம் இருக்கிறது. பெரியவரோ, "அவங்களும் இல்லாட்டி தோலுக்கு எங்க போறது?" என்று வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தார். அதனால் நானும் நிறுத்துகிறேன்.

அன்றிரவு பக்கத்து ஊரில் துகிலுரிதல் கூத்து. மேலச்சேரித் திரௌபதி அம்மனின் ஆட்சி நடக்கும் சீமை அல்லவா இது! தரையில் துண்டை விரித்து உட்கார்ந்தோம். கூத்தில் துரியோதனன் கட்டை வேஷக்காரன். மரத்தில் செய்த புஜக்கட்டைகளும் கிரீடமும் தாங்கி வருகிறவன். மத்தளத்தின் உடலும் கட்டை, பாடகனின் சுருதியும் நாலு கட்டை ஐந்து கட்டை, ராஜாவும் கட்டை. தமிழுக்குக் கட்டையில் அலாதிப் பிரியம் போலும். திரைக்குப் பின்னால் துரியோதனனின் சலங்கை அதிரத் தொடங்கியபோது, காற்றில் உலர்ந்துபோயிருந்த ரவை அடை தொப்பியிலிருந்து பெயர்ந்து மத்தளக்காரர் மடியில் விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன். நாதம் போய்விட்டது, 'டப், டப்' என்ற வெறுஞ்சத்தம் மட்டும் மிஞ்சியது. அவர் நிறுத்தவில்லை. திரை விலகியது, துரியோதனன் சுழன்றான், பின்பாட்டு ஏறிற்று, ஹார்மோனியம் கதறியது. கூட்டத்தில் ஒருவர் முகமும் மாறவில்லை. என் மருமகன் தொடையில் தாளம் போட்டபடி லயித்திருந்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் தொப்பி அப்படியே ஊமையாக ஓடியது.

விடியற்காலையில் வேறொன்று நடந்தது. யாரோ நீட்டிய தேநீரை ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கையை வைத்த மத்தளக்காரர், எடுப்பில் ஒரு மயிரிழை பிந்திவிட்டார். துச்சாதனன் தூக்கிய காலை வைக்க இடம் தெரியாமல் திரும்பி முறைத்தான், பின்பாட்டுக்காரர் வார்த்தையை விழுங்கினார், எனக்கு முன்னால் அதுவரை குறட்டை விட்டுக்கொண்டிருந்த ஒரு கிழவி விழித்து எழுந்து, "இன்னா, முடிஞ்சிப் போச்சா?" என்று கேட்டாள். மருமகன் என் முழங்கையை இடித்தான். இதைவிடப் பிரத்தியட்சமான சாட்சியம் எந்த நியாயஸ்தலத்தில் கிடைக்கும்? சுரம் செத்து ஒரு மணி நேரம் ஆகியும் அறியாத ஊர், காலம் ஓர் இமைப்பொழுது தவறியதும் துள்ளி எழுகிறது. வழக்கு முடிந்தது என்ற திருப்தியோடு பொழுது புலர்ந்ததும் வயல் வரப்பு வழியாகத் தளவானூருக்குத் திரும்பினோம்.

பெரியவர் முகம் கழுவிவிட்டுத் திண்ணையில் இருந்தார். மத்தளம் எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. நாங்கள் வாயைத் திறக்கும் முன்னே, "ராத்திரி துரியோதனன் வந்தப்போ தொப்பி போச்சு. அந்தாண்ட ஒரு மணி நேரம் வெறுந்தோலைப் போட்டு அடிச்சிருக்கான், படுபாவி" என்றார். வயல்களுக்கு அப்பாலிருந்து ஒலிபெருக்கியில் வந்ததை இங்கே கயிற்றுக் கட்டிலில் படுத்தபடியே கேட்டிருக்கிறார். அதன்பிறகு தூக்கமே பிடிக்கவில்லையாம்.

"விடியக்காலம் ஒரு எடுப்புத் தப்பிச்சே தாத்தா, அதைக் கேட்டீங்களா?" என்றான் மருமகன்.

"அது அவன் பாடு" என்றார் பெரியவர். "தொப்பி என் பாடு."

தொப்பித் தோலில் வட்டமாக ஒட்டியிருந்த ரவையின் மிச்சத்தை நகமில்லாத பெருவிரலால் சுரண்டிக் கீழே தட்டினார். கோழி ஓடி வந்தது. இரவுப் பனியில் வார் தளர்ந்திருப்பதாகச் சொல்லி மருமகனைக் கீழே உட்காரவைத்து, மத்தளத்தை அவன் பாதங்களுக்கு நடுவே கொடுத்து, வாரின் நுனியை அவன் கையில் சுற்றி, இழு என்றார். கம்பி அழுத்திக் காய்த்த விரல்கள்தாம். ஆனாலும் இரண்டாம் இழுப்பிலேயே அவன் முகம் சிவந்துவிட்டது. பெரியவர் குனிந்து, காதைத் தோலுக்கு அருகில் கொண்டுபோய், ஒரு தட்டுத் தட்டினார். விழுப்புரம் பஸ் சாலையில் ஒலி எழுப்பிக்கொண்டு போயிற்று.

"இன்னும்" என்றார்.