அலைகரையில் ஒரு தாய்

கிளிநொச்சி மாவட்டத்தில் கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டப்பட்டது இரணைமடுக் குளம். வடமாகாணத்தின் மிகப் பெரிய குளம் இது. ஒரு கோடை நாளில் மாதர் சங்கக் கூட்டமொன்றுக்காக அங்கே போயிருந்தேன். கூட்டம் முடிந்ததும் முகம் கழுவ அலைகரையில் இறங்கினேன்.

"மிஸ், நில்லுங்கோ! அதில இறங்காதையுங்கோ" என்று ஓர் அக்கா கத்தினார். அவர் காட்டிய இடத்தில் மரக்கட்டை போல முதலை கிடந்தது. என் கால்கள் நடுங்கின.

"2010இல திரும்பி வரேக்க கிணறெல்லாம் தூர்ந்து கிடந்தது. குளிக்க, தோய்க்க இந்தக் குளம்தான். பிள்ளையளைக் கட்டில இருத்திப்போட்டு, தண்ணியைப் பாத்தபடிதான் தோய்ப்பன். அவரும் இல்லை. காவலுக்கு ஆர் நிக்கிறது?" என்றார் அக்கா.

இலங்கையில் இருவகை முதலைகள் உள்ளன. களப்புகளிலும் ஆற்று முகங்களிலும் வாழ்வது உவர்நீர் முதலை. வன்னிக் குளங்களில் வாழ்வது அகன்ற மூக்குடைய நன்னீர் முதலை. இந்தியா, நேபாளம், பாகிஸ்தான், ஈரான் ஆகிய நாடுகளிலும் இது உண்டு. உலகில் அழியும் ஆபத்தை எதிர்நோக்கும் இனங்களில் ஒன்றாக இது பட்டியலிடப்பட்டுள்ளது. இலங்கையில் இதைக் கொல்வது சட்டப்படி குற்றம்.

குளம் வற்றினால் இது கரையில் வளை தோண்டிப் பதுங்கும். அல்லது தரைவழியே நடந்து வேறு நீர்நிலை தேடும். தாய் முதலை கரை மண்ணில் குழி தோண்டி இருபது, முப்பது முட்டைகள் இட்டு மூடும். மண்ணின் வெப்பமே குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. சுமார் இரண்டு மாதம் தாய் காவல் இருக்கும். உள்ளிருந்து குஞ்சுகள் கத்தும் சத்தம் கேட்டதும் மண்ணைக் கிளறி, அவற்றை வாயில் ஏந்தித் தண்ணீரில் விடும். அந்த நாட்களில் கிட்டப் போகிறவரைத் தாக்கவும் கூடும்.

சகோதரிகளே, அதிகாலையிலும் பொழுதுபட்ட பிறகும் குளத்தில் இறங்காதீர்கள். மீன், இறைச்சிக் கழிவுகளைத் துறையில் போடாதீர்கள். குஞ்சுகளைக் கண்டால் விலகுங்கள். தாய் அருகில்தான் இருக்கும்.

தெற்கே மாத்தறையில், நில்வளா கங்கையில், குளிக்கும் இடத்தைச் சுற்றித் தண்ணீருக்குள் வேலி அடைக்கிறார்கள். 'கிம்புல் கொட்டுவ', அதாவது முதலை அடைப்பு என்பது அதன் பெயர். அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னேன். தங்கள் துறைக்கும் அப்படியொன்று வேண்டுமென்று பிரதேச சபைக்குக் கடிதம் எழுதினார்கள்.

முதல் கையெழுத்து அந்த அக்காவுடையது.