பலகைக்குக் கீழே

மெல்பேர்னில் இருக்கும் என் மருமகன் சில மாதங்களுக்கு முன்னர் ஒரு கேள்வி கேட்டான். தொலைபேசியில் அதற்கு நான் கொடுத்த பதில் எனக்கே திருப்தியளிக்கவில்லை. எழுதிப் பிழைப்பவனுக்குப் பேச்சில் வராதது எழுத்தில் வரக்கூடும் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். விடயம் மிகச் சிறியது. ஒரு பழைய லான்ட் றோவரின் பின்பகுதிக்குப் பலகைத் தளம் அடித்த கதை.

அந்த வாகனத்தை 2012ஆம் ஆண்டு ஏலத்தில் எடுத்தேன். போருக்குப் பின்னர் தன் பணிகளை முடித்துக்கொண்டு புறப்பட்ட ஒரு தொண்டு நிறுவனத்தின் வாகனம் அது. டிஃபென்டர் 110 என்று சொல்வார்கள். 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் திகதி அம்ஸ்ரடாம் வாகனக் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்ட லான்ட் றோவரின் நேரடி வாரிசு. உலகப் போர் முடிந்த கையோடு பிரித்தானியாவில் உருக்குக்குத் தட்டுப்பாடு. ஆகவே அதன் உடலை அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தார்கள். பஞ்சத்தில் பிறந்த அந்த ஏற்பாடு, 2016 ஜனவரியில் சொலிஹல் தொழிற்சாலையில் கடைசி டிஃபென்டர் வெளிவரும்வரை தொடர்ந்தது. ஒரு போரின் தட்டுப்பாட்டில் உருவான வாகனம் இன்னொரு போர் தின்ற மண்ணில் ஓடி, கடைசியில் என் முற்றத்து வேப்பமர நிழலுக்கு வந்து சேர்ந்தது.

கடந்த ஆண்டு அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். வயது எண்பத்து நான்கு. சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் நீண்ட நேரம் உட்கார்ந்து பயணம் செய்ய அவரால் இயலவில்லை. புதுக்குடியிருப்பிலிருந்து பரந்தனுக்கு வந்து, ஏ9 வீதியில் ஏறி, ஆனையிறவைக் கடந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போக ஏறத்தாழ தொண்ணூறு கிலோமீற்றர். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் அவசர நோயாளருக்கானது. மாதாந்தக் கிளினிக்குக்கு அதைக் கூப்பிட முடியாது. வாடகை வான்காரர்கள் ஆசனத்தைச் சாய்த்துத் தருவார்களே தவிர, ஒரு முதியவரை நீட்டிப் படுக்கவைக்க அவர்களிடம் வழியில்லை. அப்போதுதான் வேப்பமரத்தடியில் நின்ற வாகனத்தின்மேல் என் கண் விழுந்தது.

டிஃபென்டரின் பின்பக்கத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தரை தட்டையானதுதான். ஆனால் இரண்டு பக்கமும் சக்கரங்களை மூடியிருக்கும் தகட்டுப் பெட்டிகள் உள்ளே துருத்திக்கொண்டு நிற்கும். அவற்றுக்கிடையே சுமார் மூன்று அடி அகலம்தான் மிஞ்சும். பெட்டிகளின் உயரம் ஏறத்தாழ ஒன்பது அங்குலம். அந்த உயரத்துக்கு ஒரு பலகைத் தளத்தை எழுப்பிவிட்டால் அகலம் நாலரை அடிக்கு மேல் வந்துவிடும். நடுவரிசை ஆசனத்தைக் கழற்றினால் ஆறடி நீளமும் கிடைக்கும். மேலே அம்மா படுக்கலாம். கீழே கிடைக்கும் ஒன்பது அங்குல வெளியில் தண்ணீர்ப் போத்தல்கள், மருந்துப் பை, மாற்றுடுப்பு, ஜக், கயிறு, ஆயுதப் பெட்டி எல்லாவற்றையும் வைக்கலாம். (ஆயுதப் பெட்டி என்று நான் எழுதியது ஸ்பானரும் திருகாணிச் சாவியும் வைக்கும் பெட்டியை. எங்கள் ஊரில் அதற்கு அதுதான் பெயர். இந்த விளக்கத்தை அடைப்புக்குள் எழுதவேண்டியிருப்பதுகூட இக்கட்டுரையின் விடயத்தோடு சம்பந்தப்பட்டதுதான்.)

மருமகனிடம் இதைச் சொன்னதும் அவன் பத்துப் பன்னிரண்டு படங்களை அனுப்பிவைத்தான். அவுஸ்திரேலியாவில் பாலைநிலத்துப் பயணம் போகிறவர்கள் தங்கள் வாகனங்களுக்குச் செய்துகொள்ளும் தளங்கள். மேலே கம்பளம் ஒட்டிய மூடிகள், அவற்றின் விளிம்புகூடத் தெரியாத பொருத்தம், இழுத்தால் சத்தமில்லாமல் வெளியே வரும் லாச்சிகள், மறைவான பூட்டுகள். மேலிருந்து பார்த்தால் கீழே ஒரு வெளி இருப்பதே தெரியாது. அந்த நேர்த்தியில் நானும் மயங்கினேன். ஒரு படத்தைப் பார்த்து அப்படியே தாளில் வரைந்தேன். அதை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர் ஓடாவியிடம் போனேன்.

ஓடாவிக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். பழைய வவுனியாக்காரர். இருபது ஆண்டுகளாக எங்கள் பக்கத்தில் இருக்கிறார். வாகனத்தின் பின்கதவைத் திறந்து உள்ளே ஏறி, அளவு நாடாவால் குறுக்கும் நெடுக்கும் அளந்தார். பிறகு கீழே படுத்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். டீசல் தாங்கி பின்னால்தான் இருக்கிறது. எங்கே துளையிடலாம், எங்கே கூடாது என்று சுண்ணக்கட்டியால் குறித்தார். வேலை தெரிந்த மனிதர் என்பது அந்த ஐந்து நிமிடத்திலேயே விளங்கியது.

அவர் சொன்ன முதலாவது விடயம் கறளைப் பற்றியது. அலுமினியத் தகட்டில் இரும்புப் போல்ற்றை நேரே இறுக்கக்கூடாது. இரண்டு உலோகங்களும் தொட்டபடி உப்பு ஈரத்தில் கிடந்தால், இரும்பு தப்பிவிடும். அலுமினியம்தான் வெள்ளைப் பொடியாக உதிரும். எங்கள் பக்கம் கடற்காற்று வேறு. எனவே ஒவ்வொரு போல்ற்றுக்கும் றப்பர் வொஷர், தகட்டுக்கும் சட்டத்துக்கும் இடையே றப்பர் கீலம். இரண்டாவது விடயம், புதிய துளைகளை இயன்றவரை தவிர்ப்பது. கழற்றிய ஆசனமும் ஆசனப் பட்டியும் இறுகியிருந்த பழைய துளைகளே போதும். அவை பாரம் தாங்குவதற்கென்றே பலப்படுத்தப்பட்டவை. மெல்லிய தகட்டில் வெறும் திருகாணியால் பிடித்த தளம், சடுதியாக பிறேக் பிடிக்கும்போது அதன்மேல் இருப்பவரோடு சேர்ந்து முன்னால் பாயும். மூன்றாவது, பாரமான பொருட்கள் பின்சில்லுக்கு முன்பக்கமாக, தரையோடு இருக்கவேண்டும்.

இவ்வளவும் சொன்னவர் என் படத்தைக் கையில் எடுத்ததும் மௌனமானார். சற்று நேரம் கழித்துக் கேட்டார்.

"தம்பி, மேல்பக்கம் அம்மாவுக்கு. கீழ்ப்பக்கம் ஆருக்கு?"

சாமான்கள் வைக்கத்தான் என்றேன்.

"சாமான் வைக்கிற இடத்துக்கு ஏன் இப்பிடி ஒரு ஒளிப்பு? மூடி இருக்கிறதே தெரியாமல் நான் செய்யமாட்டன். வேறை ஆரையும் பாருங்கோ."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. படத்தை மடித்து என்னிடம் திருப்பித் தந்துவிட்டு, சீவுளியைத் துடைக்கத் தொடங்கினார். பத்திரிகைக்காரனுக்கு இப்படியான மௌனங்களை விட்டுவைக்கத் தெரியாது. நான் அங்கேயே மரக்குற்றியில் உட்கார்ந்துவிட்டேன். தேநீர் வந்தது. அதற்குப் பிறகுதான் கதை வந்தது.

தொண்ணூறுகளின் முற்பகுதி. வடக்குக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல், டீசல், சீமெந்து, பற்றரி எதுவும் தாண்டிக்குளத்துக்கு அப்பால் போகாது. யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை. றேடியோவில் செய்தி கேட்பதற்குக்கூடப் பேனாப் பற்றரிக்குத் தவம் கிடந்த காலம். மாணவனாக நானும் அந்தத் தவத்தில் இருந்தவன்தான். செத்துப்போன பற்றரிகளை வெயிலில் காயவைத்து இன்னும் ஒரு செய்தி அறிக்கைக்காவது உயிர் வருமா என்று பார்த்திருக்கிறோம். அந்த நாட்களில் வவுனியாவில் ஒரு லொறிக்காரர் இவரிடம் வந்து, லொறித் தளத்தின் மேல் இரண்டாவது பலகை வரிசை ஒன்று அடித்துத் தரும்படி கேட்டிருக்கிறார். இடையில் இரண்டு விரற்கடை இடைவெளி. எதற்கென்று இவர் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கூலி வழமையைவிட இரண்டு மடங்கு.

"நல்லாச் செய்தனான் தம்பி. பழைய பலகையைத் தேடி எடுத்து, பழைய ஆணியாலையே அடிச்சனான். பார்த்தால் தெரியாது. ஆனால் தட்டினால் தெரியும். அதை நான் யோசிக்கேல்லை."

மூன்றாவது பயணத்தில் யாரோ தட்டியிருக்கிறார்கள். சாரதியைக் கொண்டுபோய்விட்டார்கள். சில நாட்கள் கழித்து அந்தச் சாரதியின் மனைவி, இடுப்பில் பிள்ளையோடு இவருடைய பட்டறைக்கு வந்தார். திட்டவில்லை, அழவில்லை. "அண்ணை, நீங்கள் அடிச்ச பலகைக்குள்ளை என்ன இருந்தது?" என்று மட்டும் கேட்டாராம். இவருக்குப் பதில் தெரியவில்லை. பற்றரி என்று பின்னர்தான் கேள்விப்பட்டார். அந்தச் சாரதி திரும்பி வந்தாரா என்பது இன்றுவரை இவருக்குத் தெரியாது. விசாரிக்கப் பயந்து அடுத்த மாதமே வவுனியாவை விட்டுப் புறப்பட்டுவிட்டார்.

நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு ஓமந்தை நினைவுக்கு வந்தது. 2002இல் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின்னர் ஏ9 வீதி திறந்தது முதல், 2006 ஓகஸ்டில் அது மூடப்படும் வரை அந்தச் சோதனைச் சாவடியை எத்தனை தடவை கடந்தேன் என்று கணக்கில்லை. சாவடிகள் ஒரு தரப்புக்கு மட்டும் உரியவையாக இருக்கவில்லை. ஒன்றைத் தாண்டினால் மற்றத் தரப்பின் சாவடி இருக்கும். ஒருமுறை நான் போன வானின் தரையை ஒரு சிப்பாய் இரும்புக் கம்பியால் தட்டிக்கொண்டே வந்தான். டொக், டொக், டொக். ஓரிடத்தில் ஓசை மாறியது. கறள் பிடித்த இடத்தில் யாரோ தகடு வைத்து ஒட்டியிருக்கிறார்கள். அதற்குக் கீழே வெறும் வெளி. அதைக் கண்டுபிடிக்க மூன்று மணித்தியாலம் எடுத்தது. ஆசனங்கள் கழற்றப்பட்டன. நாங்கள் வெயிலில் நின்றோம். ஒளிப்பதற்கு எங்களிடம் எதுவுமே இருக்கவில்லை. ஆனாலும் அந்த மாறிய ஓசையைக் கேட்டபோது என் நாக்கு வரண்டது. குற்றமற்றவனையும் குற்றவாளியாக உணரவைக்க ஒரு வெற்றிடம் போதுமானதாக இருந்தது.

சோதனைச் சாவடிகளைப் பற்றி நான் எத்தனையோ பத்திகள் எழுதியிருக்கிறேன். தட்டியவர்களைப் பற்றி எழுதினேன். வரிசையில் நின்றவர்களைப் பற்றி எழுதினேன். பலகை அடித்தவர் ஒருவர் இருந்திருப்பார் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. முப்பது ஆண்டுத் தொழிலில் கேட்கத் தவறிய கேள்வி அது.

அன்று மாலை நானும் ஓடாவியும் வேறொரு படம் வரைந்தோம். சக்கரப் பெட்டிகளின் மேல் இரண்டு பக்கமும் பத்து அங்குல அகலத்தில் பிளைவூட். நடுவிலுள்ள மூன்று அடிக்குப் பிளைவூட் வேண்டாம், தேக்கஞ் சட்டங்கள். கட்டிலுக்கு அடிப்பது போல, ஒரு சட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஓர் அங்குல இடைவெளி. மூன்று தனித்தனி மூடிகள், வெளியே தெரியும் பித்தளைப் பிணைச்சல்கள், விரல் நுழையும் துளை. பூட்டு இல்லை.

இது பயத்துக்குச் செய்த விட்டுக்கொடுப்பு என்று முதலில் எண்ணினேன். ஆனால் வேலை முடிந்த பின்னர் அதுவே சிறந்த வடிவம் என்று விளங்கியது. எட்டுக்கு நான்கு அடிப் பதினெட்டு மில்லிமீற்றர் பிளைவூட் தாள் ஒன்று ஏறத்தாழ முப்பது கிலோ இருக்கும். இடைவெளி விட்ட சட்டங்களில் பாரம் குறைவு. நுரை மெத்தையை முழுப் பலகையில் போட்டால் வியர்வையும் ஈரமும் அடியில் தேங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். சட்டங்களுக்கிடையே காற்று ஓடும். கீழே தண்ணீர்ப் போத்தல் சரிந்து ஒழுகினாலும் உடனே தெரியும். சட்டங்கள் மோதிச் சத்தமிடாதிருக்கப் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி ஒட்டினார். ஒரு குறை இருக்கிறது. ஏற்கெனவே உயரமான வாகனம் இன்னும் ஒன்பது அங்குலம் உயர்ந்துவிட்டது. அம்மாவை ஏற்றி இறக்க இரண்டு பேர் வேண்டும்.

மருமகனுக்குப் படம் அனுப்பினேன். "மாமா, பூட்டு இல்லையே. ஆரும் பார்த்தால் உள்ளுக்கு இருக்கிறதெல்லாம் தெரியுமே?" என்று கேட்டான். அதுதான் ஆரம்பத்தில் நான் குறிப்பிட்ட கேள்வி. "தெரியத்தான் வேணும்" என்று மட்டும் சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். அவன் பிறந்து வளர்ந்த நாட்டில் மூடிய பெட்டி என்பது ஒழுங்கின் அடையாளம். அது அவன் பேறு. அவனுக்கு அப்படியே இருக்கட்டும்.

முதற்பயணத்தன்று அதிகாலை நாலரைக்கு நானும் தங்கையும் அம்மாவைத் தூக்கி மெத்தையில் கிடத்தினோம். மார்பிலும் முழங்காலுக்கு மேலும் அகலமான பட்டியைத் தளர்வாகக் கட்டினோம். தங்கை பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் வண்டியை எடுக்கப்போகும்போது அம்மா கையை மெத்தைக்கு வெளியே நீட்டி, விரல் மொளியால் பலகையைத் தட்டினார். டொக், டொக்.

"தம்பி, கீழை கோறையாக் கிடக்கு. உள்ளுக்கை என்ன வைச்சிருக்கிறாய்?"

2009இல் உழவு இயந்திரப் பெட்டியிலும் கால்நடையாகவும் அந்தக் கரையெல்லாம் அலைந்த மனுஷி. முகாமுக்குப் போகும் வழியில் எத்தனை பேர் அவருடைய பைகளைக் கொட்டிப் பார்த்தார்களோ, அவர் ஒருபோதும் சொன்னதில்லை. நான் இறங்கிப் பின்னால் போனேன். மெத்தையின் ஓரத்தை மடித்து, பின்பக்க மூடியைத் திறந்து ரோர்ச் வெளிச்சம் அடித்துக் காட்டினேன். போத்தல், மருந்து, துவாய், அவருடைய வெற்றிலைப் பை. ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"சரி, மூடு. போவம்."

பரந்தன் சந்தி வருவதற்கு முன்னரே அவர் நித்திரையாகிவிட்டார். மணிக்கு நாற்பது கிலோமீற்றருக்கு மேல் நான் போகவில்லை. வழியில் எங்களை ஒருவரும் மறிக்கவில்லை. திரும்பி வந்து ஓடாவியிடம் சொன்னபோது அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அம்மா நித்திரை கொண்டவவோ?"

கொண்டா என்றேன். மீதிக் கூலியை எண்ணாமலே மடியில் வைத்துக்கொண்டார்.